இடது காதுப் பக்கம்

டமாரம் தன் அக்காவின் பின்னால் வந்து நின்று, அவளுடைய இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி, கையிலிருந்த இரண்டு டிரம்ஸ் குச்சிகளையும் ஒன்றோடொன்று ஓங்கி அடித்தான். அவளுடைய வலப்பக்கம் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை. குனிந்தபடி கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்து மேசைத் துணியின்மேல் வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை அடித்தான். எதிரே ஒயர் சுற்றிக்கொண்டிருந்த கிடார்காரர் கையை நிறுத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டுதான் அக்கா திரும்பினாள். தம்பியின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. விளையாட்டுக்குப் பயமுறுத்த வந்தவன் தானே பயந்துபோய் நின்றான்.

"மூணு தடவ கூப்பிட்டேன்" என்றான்.

"வேலை மும்முரத்துல கவனிக்கலடா. எப்ப வந்தே? என்ன இப்படி இளைச்சுட்டே?"

"அக்கா, காதுல என்ன?"

"காதுல என்ன, கம்மல்தான்" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து வந்திருந்தான். ஊர் ஊராகப் போய் வாசிக்கிற குழு அவனுடையது, இன்றைக்கு அக்கா வேலை பார்க்கும் இந்தத் திராட்சைத் தோட்டத்தில் கச்சேரி. வாரம் தவறாமல் போன் செய்வான். அவளும் போனை வலது காதில் வைத்துக்கொண்டு, எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவாள். ஐந்து வயதில் வீட்டிலிருந்த பாத்திரம் பண்டமெல்லாம் தட்டி நெளித்ததற்காக அவனுக்கு டமாரம் என்று பெயர் வைத்தவளே அவள்தான். அவன் அடிக்கும் அடியைக் கேட்டே அவனுக்குக் காய்ச்சலா கோபமா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட காதுக்காரி பக்கத்தில் குச்சி அடித்தது கேட்காமல் நின்றால் அவன் என்ன நினைப்பான்?

"ஏணிலேர்ந்து விழுந்துட்டேன்" என்றாள். நான்கு வருடமாக எல்லோரிடமும் சொல்லிப் பழகிய பதில். "ஒரு பக்கம் அடி பட்டுடுச்சு. இன்னொண்ணு நல்லாத்தான் கேக்குது. ஒரு காது போதாதா, உன் சத்தத்தைக் கேக்க?"

டமாரம் தலையை நிமிர்த்திச் சரிவைப் பார்த்தான். மேட்டிலிருந்து பள்ளம் வரை திராட்சை வரிசைகள் கம்பியில் கட்டி நேர்க்கோடாக இறங்கிக்கொண்டிருந்தன. எந்தச் செடியும் ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தைத் தாண்டவில்லை.

"இங்க எதுக்குக்கா ஏணி?" என்றான்.

நான்கு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. வைத்தியர் கேட்கவில்லை, முதலாளியம்மா கேட்கவில்லை, கூடவே பழம் வெட்டுகிற பெண்கள்கூடக் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

திராட்சை பழுக்கும் காலத்தில் பறவைக் கூட்டம் இறங்கினால் ஒரே காலையில் ஒரு வரிசையைத் தின்று தீர்த்துவிடும். அதை விரட்ட மேட்டு ஓரத்தில் ஒரு இரும்புக் குழாயும் கேஸ் சிலிண்டரும் வைத்திருந்தார்கள். கால் மணிக்கு ஒரு முறை தானாக வெடிக்கும். குண்டு கிடையாது, வெறும் சத்தம். தோட்டத்தில் எல்லோரும் அதைப் பீரங்கி என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் கணவனைப் பீரங்கிக்காரன் என்பார்கள். சத்தத்துக்கு மசியாத பறவைகளைச் சுட ஒரு பழைய துப்பாக்கியும் அவன் வசம் உண்டு, என்றைக்கோ ஒருநாள் விடிகாலையில் எடுப்பான். பீரங்கியாவது கால் மணிக்கு ஒரு முறை என்று சொல்லிவைத்து வெடிக்கும். அவனிடம் அந்த ஒழுங்கு கிடையாது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், பழம் வெட்டுகிற பெண்களோடு சேர்ந்து அவள் எதற்கோ சத்தமாகச் சிரித்துவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் விரித்த கையால் ஓர் அறை. பீரங்கி தலைக்குள்ளேயே வெடித்த மாதிரி இருந்தது. அதோடு அந்தப் பக்கம் ஓய்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் அடி நிற்கவில்லை. 'டமாரச் செவிடு' என்று ஒரு புதுப்பெயர் மட்டும் கூடுதலாகச் சேர்ந்தது. ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற வசதி மற்றவர்களுக்கு உண்டு. அவளுக்கு வாங்கியதை விட வழியில்லை, எல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது.

"உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்" என்றாள். "இன்னைக்கு ஒரு பொழுது. வந்தியா, வாசிச்சியா, வண்டி ஏறுனியான்னு போயிடு."

"அந்த ஆளு எங்க?"

"அந்த ஆளு என்னடா அந்த ஆளு. மாமான்னு சொல்லு."

"எங்கன்னு கேட்டேன்."

"வெளியூர் போயிருக்காரு."

அதுவும் பொய்தான். விருந்தாளிகள் வருகிற நாளில் குடித்துவிட்டு முன்னால் வந்து நிற்கக் கூடாது என்று முதலாளியம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மத்தியானமே பீரங்கியை அணைத்துவிட்டு அவன் கீழ்க் கொட்டகையில் இருந்தான். போகும்போது, "ஊர்பட்ட சனத்துக்கு இடம் இருக்கு, எனக்கு மட்டும் கொட்டகையா?" என்று அவளுடைய முழங்கையைப் பிடித்து முறுக்கிவிட்டுத்தான் போனான். கச்சேரி முடிந்ததும் ஆறரைக்குக் குழுவின் வண்டி கிளம்பிவிடும். அதுவரை இரண்டு பேரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருந்துவிட்டால் போதும். பட்டுவிட்டால் ஒன்று தம்பி சாவான், இல்லையென்றால் தம்பி கொலைகாரன் ஆவான். அவளுக்கு இருந்த ஒரே ரத்த சொந்தம் அவன்தான்.

"வாசிக்கிறேன்" என்றான் டமாரம். அதைத் தவிர வேறு எதற்கும் அவன் வாக்குக் கொடுக்கவில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

நாலரை மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. பழக்கூடை ஏற்றுகிற பெரிய டிரெய்லரைக் கழுவித் துடைத்துப் பலகை போட்டு, அதையே மேடையாக்கியிருந்தார்கள். சரிவு முழுக்க மடக்கு நாற்காலிகள், விரிப்புகள், செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் சாய்ந்த ஜனங்கள். இலைகள் ஓரங்களில் சிவக்கத் தொடங்கியிருந்தன. வெயில் மலைக்குப் பின்னால் போகலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. காற்றில் பழம் கனிந்து புளித்த வாசம். தினம் கண்ணில் படுகிற இடம்தான் என்றாலும், முதுகில் கூடை இல்லாமல் பார்த்தபோது இவ்வளவு அழகா இது என்று அக்காவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவள் கடைசி வரிசை ஓரத்து நாற்காலியை எடுத்து, வலது காது மேடையைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டாள். மேடைக்குப் பக்கவாட்டாக, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த ஒரு அம்மாள், "பாட்டு பிடிக்கலையா?" என்றுகூடக் கேட்டாள். பிடித்திருந்தது. அவ்வளவு பிடித்திருந்தது. பாட்டுக்காரியின் குரல் கனமாக, அவசரம் இல்லாமல் இறங்கி வந்து வரிசைகளுக்குள் புகுந்தது. குழந்தைகள் செடிகளுக்கு நடுவே ஓடின. தம்பியின் டிரம்ஸ் முதல் பாட்டில் முரட்டுத்தனமாக இருந்தது. தோலைக் கிழித்துவிடுவான் போல அடித்தான். ஜனங்கள் அதை உற்சாகம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். அவளுக்குத் தெரியும், அது கோபம். மூன்றாவது பாட்டில் கொஞ்சம் இறங்கியது. ஐந்தாவதில் நிதானத்துக்கு வந்துவிட்டது. அவள் பெருமூச்சு விட்டாள். கோபம் குச்சி வழியாகப் போய்விட்டது என்று நம்பினாள். நான்கு வருடத்தில் முதல்முறையாகக் கால் தானாகத் தாளம் போட்டது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். யாருக்கும் பயப்படாமல் ஒரு மணி நேரம்!

கடைசிக்கு முந்தின பாட்டு மெதுவானது. கிடாரும் குரலும் மட்டும். டிரம்ஸ் அதில் இல்லை. கண்ணை மூடியிருந்ததால் தம்பி டிரெய்லரிலிருந்து இறங்கியதை அவள் பார்க்கவில்லை.

டமார் என்று ஒரு சத்தம்.

ஜனங்கள் துள்ளி எழுந்து, பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "பயப்படாதீங்க, பறவை விரட்டற வெடி!" என்று முதலாளியம்மா முன்வரிசையிலிருந்து கத்தினாள். பாட்டுக்காரி மைக்கில், "எங்க டிரம்ஸ்காரர் எறங்கிப் போனாலும் கொட்டாம இருக்க மாட்டாரு" என்றாள். கொல்லென்று சிரிப்பு. பாட்டு விட்ட இடத்தில் தொடர்ந்தது.

அக்காவும் பீரங்கி என்றுதான் நினைத்தாள். தோட்டத்தில் எட்டு வருடம் வெடிச் சத்தத்துக்கு நடுவே வாழ்ந்தவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பாவி மனுஷன் சரியாக அணைக்காமல் வந்துவிட்டான், முதலாளியம்மா நாளைக்கு அவனை வேலையை விட்டு நிறுத்துவாள், அவன் இவள் முதுகை உரிப்பான். இன்னொரு முறை வெடிப்பதற்குள் கேஸை மூடிவிட்டால் தப்பிக்கலாம். அவ்வளவுதான் யோசித்தாள். ஒரு காது மட்டும் கேட்கிறவளுக்குச் சத்தம் கேட்கும், திசை கேட்காது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினாள்.

குழாயைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. சிலிண்டரின் வால்வு இறுக மூடியிருந்தது. கேஸ் வாசமே இல்லை. மூச்சு வாங்க நின்று திரும்பியபோது பறவைகளைப் பார்த்தாள். பள்ளத்திலிருந்து, கொட்டகைப் பக்கமிருந்து, கூட்டமாகக் கிளம்பி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தன. எந்தப் பறவையும் பீரங்கியைப் பார்த்துப் பறந்து வராது.

அவ்வளவு தூரமும் கீழே ஓடினாள். நடு வரிசைகளுக்குள் புகுந்து, கம்பி முகத்தில் கீற, ஒரு செருப்பு கழன்று விழ, கச்சேரியைத் தாண்டி ஓடினாள். ஒரு குழந்தை அவளும் விளையாடுகிறாள் என்று நினைத்துக் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தது.

கொட்டகை வாசலில் டமாரம் டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"நீயா, அவரா?" என்றாள். எதைக் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பழம் வெட்டறவங்க சொல்லித்தான் இங்க வந்தேன். நான்தான்கா மொதல்ல அடிச்சேன். ஒரே அடி. காதுல." உதட்டிலிருந்து ரத்தத்தைத் துப்பினான். "எப்படி இருக்குன்னு கேட்டேன். எந்திரிச்சு என் மூஞ்சில குத்துனாரு. அப்புறம் துப்பாக்கிய எடுத்தாரு. நான் துப்பாக்கிக் குழலப் புடிச்சேன். இழுத்தாரு, இழுத்தேன். யாரு விரல் அதுல இருந்துச்சுன்னு சத்தியமா எனக்கே தெரியலக்கா."

பீரங்கிக்காரன் உள்ளே காலிக் கூடைகளின் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே மல்லாந்து கிடந்தான். வயிற்றில் சட்டை கரியாகி ஈரமாக இருந்தது. உயிர் இருந்தது. கண் அவளைப் பார்த்தது. அவள் தலைத்துணியை உருவி, சுருட்டி, காயத்தின்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். எத்தனையோ நாள் இவன் ஒழிய மாட்டானா என்று வேண்டிக்கொண்டவள்தான். ஆனாலும் கை தானாக அழுத்தியது. சூடான ரத்தம் விரல் சந்து வழியாக வந்துகொண்டே இருந்தது.

"டேய், போ! மேல ஓடிப் போய் வண்டி கொண்டு வரச் சொல்லு!"

டமாரம் எழுந்து ஓடினான்.

கூடை அடுக்கு இருந்ததால் கணவனுக்கு ஒரே பக்கத்தில்தான் அவளால் மண்டியிட முடிந்தது. குனிந்து அழுத்தியபோது அவளுடைய இடது காது அவன் வாய்க்கு நேராக இருந்தது. அவன் கழுத்தைத் தூக்கினான். அவள் தோளைப் பிடித்து இழுத்தான், அந்த நிலையிலும் பிடி வலித்தது. உதடு காதில் பட்டது. மூச்சு சுட்டது. ஏதோ சொல்கிறான் என்று தெரிந்தது. நாலைந்து வார்த்தை இருக்கும். நிறுத்தினான். மறுபடி சொன்னான். அவள் முகத்தைத் திருப்பியிருந்தால் வலது காதில் விழுந்திருக்கும். ஒரு நொடி வேலை.

அவள் திருப்பவில்லை.

பாவமாக இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது. அதே மூச்சில், பேசு, நல்லா பேசு, நீ பண்ணி வெச்ச காதுதானே, அதுலயே பேசு என்றும் மனசு கத்தியது. மன்னிப்புக் கேட்டானா, தண்ணீர் கேட்டானா, மச்சான்தான் சுட்டான் என்றானா, இல்லை கடைசியாக ஒருமுறை செவிடு என்றுதான் வைதானா? மேலே பாட்டு முடிந்து ஜனங்கள் கை தட்டியது அவளுக்கு வலப்பக்கம் தெளிவாகக் கேட்டது. வெகு நேரம் தட்டினார்கள். அது ஓய்வதற்கு முன்பே இடது காதில் பட்டுக்கொண்டிருந்த சூடு நின்றுவிட்டது. அவள் அப்புறமும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

போலீஸ் வந்தபோது வெளிச்சம் முழுதாகப் போகவில்லை. டமாரத்தை ஜீப்பில் உட்கார வைத்திருந்தார்கள். உடைந்த மூக்கில் யாரோ பஞ்சு வைத்திருந்தார்கள். அவன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டான், முதல் அடி தன்னுடையது என்பதையும் சேர்த்து. அக்காவை முதலாளியம்மாவின் அலுவலக அறையில் உட்கார வைத்து, நடு வயது அதிகாரி ஒருவர் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டார். கை கழுவிக்கொள்ளச் சொன்னார். கழுவியும் நகத்துக்குள் இருந்தது போகவில்லை.

"எல்லாரும் பீரங்கின்னுதான் நெனச்சோம் சார்" என்று வாசலில் நின்ற முதலாளியம்மா நாலாவது முறையாகச் சொன்னாள். "நான்கூட அப்படித்தான் சொன்னேன். இதைக் கொஞ்சம் காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சுட்டா தோட்டத்துப் பேரு..."

"நீங்க வெளிய இருங்கம்மா" என்றார் அதிகாரி. கதவு சாத்திக்கொண்டது.

"உங்க தம்பி, இழுத்துப் பறிக்கும்போது வெடிச்சதுங்கறார். பார்த்தவங்க யாரும் இல்ல. உங்க வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் உயிரோட இருந்திருக்கார். நீங்க பக்கத்துல இருந்திருக்கீங்க. வண்டி கொண்டாந்த டிரைவர், அவர் உங்க காதுல ஏதோ சொல்லிட்டிருந்ததை வாசல்லேர்ந்து பார்த்தேன்னு சொல்றார்." பேனாவைத் திறந்தார். "உங்க தம்பிக்கு அது ரொம்ப முக்கியம். நல்லதோ கெட்டதோ. அவர் என்ன சொன்னார்?"

"எனக்குக் கேக்கல சார்."

"இவ்வளவு கிட்டத்துல சொல்லியிருக்கார்."

"இந்தப் பக்கம் சொன்னாரு." இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "இது கேக்காது."

அதிகாரி அவளையே பார்த்தார். நம்பாத பார்வை. தம்பியைக் காப்பாற்ற எந்த அக்காவும் சொல்லக்கூடிய பொய்தான் இது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா."

"எப்படிப் போச்சு?"

வாய் தானாகவே ஏணி என்று தொடங்கப் பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே சரிவு தெரிந்தது. நெஞ்சு உயரச் செடிகள், வரிசை வரிசையாக. ஜீப்பின் பின் சீட்டில் தம்பியின் தலை தெரிந்தது, இந்தப் பக்கம் திரும்பாமல் குனிந்திருந்தது.

"அவரு அடிச்சதுல போச்சு" என்றாள்.

அதிகாரியின் பேனா நகரவில்லை.

"யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"வைத்தியர்கிட்ட விழுந்துட்டேன்னு சொன்னோம். அவருதான் கூட்டிட்டுப் போனாரு. அவரேதான் சொன்னாரு. நான் தலைய ஆட்டுனேன்."

"வேற காயம்?"

அவள் ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள். மத்தியானத்து விரல் தடம் நாலும் நீலமாக எழும்பியிருந்தது. அதற்கு மேலே பச்சையாக ஒன்று, மஞ்சளாக இரண்டு. வேறு ஒருத்தியின் கையைப் பார்க்கிற மாதிரி அவளும் சேர்ந்து பார்த்தாள்.

அதிகாரி காகிதத்தில் எழுதியிருந்த இரண்டு வரியையும் அடித்தார். அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாள் வைத்தார். எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து அவளுடைய வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"மொதல்லேர்ந்து சொல்லுங்கம்மா" என்றார்.

வெளியே ஆட்கள் மடக்கு நாற்காலிகளைப் படார் படாரென்று மடக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தச் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தாள். நிறைய நாற்காலிகள் இருந்தன. அதிகாரியும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.